வெங்கக்கரட்டில் ஒரு சைகை வகுப்பு

வேலையில் சேர்ந்த அன்று காலை நவமணி கேட்ட முதல் கேள்விக்கே சரியான பதில் கிடைக்கவில்லை.

“ஊர்ல காது கேக்காத பிள்ளைங்க எத்தனை பேர் சார்?”

தாராபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளை அழைத்துப்போக வந்திருந்த சென்னியப்பன் காரின் வேகத்தைக் குறைத்தார். நீள்கதிர் எனர்ஜி கம்பெனியின் சமூக உறவு அலுவலர் அவர். கழுத்தில் அடையாள அட்டை, வெயிலில் கறுத்த முகம், சிரித்தால் குழி விழும் கன்னம்.

“ஒருத்தரும் இல்லீங்க டீச்சர்.”

“பெரியவங்கள்ல?”

“வயசானவங்க ரெண்டு மூணு பேருக்குக் கொஞ்சம் மந்தமுங்க. அது எல்லா ஊர்லயும் இருக்கறதுதானுங்களே.”

“அப்ப நான் யாருக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுக்க வந்திருக்கேன்?”

“பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க எல்லாத்துக்குமுங்க. கம்பெனிப் பட்டியல்ல வந்துச்சு. வந்தா செய்யறதுதான் என்ற வேலை.”

நவமணிக்கு இருபத்தொன்பது வயது. ஊர் ஏரல் பக்கம். அப்பாவும் அம்மாவும் பிறவியிலேயே காது கேளாதவர்கள். அப்பா தையற்காரர். பேசத் தொடங்கும் முன்பே அவள் கைகளால் பேசக் கற்றவள். பால் வேண்டும் என்று அவள் முதலில் கேட்டது விரல்களால்தான் என்று அம்மா இன்றும் சொல்லிக் காட்டுவாள். காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஆறு வருடம் ஆகிறது. அவள் வேலை பார்த்த பள்ளி மூடப்பட்டதும் வந்த விளம்பரம் இது. ஐந்து வருட ஒப்பந்தம். தங்க வீடு. எங்கோ ஒரு ஊரில் நாலைந்து பிள்ளைகள் தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பெட்டியைக் கட்டினாள்.

ஊருக்குள் நுழையும்போது கரடு தெரிந்தது. வெள்ளைக் கல் துருத்திக்கொண்டு நிற்கும் மொட்டைக் குன்று. அதன் வயிற்றைக் குடைந்து மூன்று பெரிய அறைகள் செய்திருந்தது கம்பெனி. பகலெல்லாம் சோலார் தகடுகளில் விளையும் மின்சாரத்தைக் கொண்டு அந்த அறைகளுக்குள் காற்றை அடைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுவார்கள். பாய்ந்து வெளியேறும் காற்று சக்கரங்களைச் சுற்றும். திருப்பூர் மில்களுக்கு அந்தி நேரத்து மின்சாரம் இங்கிருந்துதான் போனது. ஊர்க்காரர்கள் அதைக் காத்துக் கெடங்கு என்றார்கள். புகை இல்லை, சாம்பல் இல்லை, சத்தம்கூட இல்லை. ஏழு வருடமாக ஓடுகிறது.

“எங்கூரு தானுங்க இது,” என்றார் சென்னியப்பன். “அந்தா தெரியறது நாங்க தூர் வாரின கொளம். இது ஆஸ்பத்திரி. ரோட்டோரத்துல வேம்பு பாத்தீங்களா, நாலாயிரம் கன்னு வெச்சோம், மூவாயிரத்துச் சொச்சம் பொழைச்சிருச்சு. கம்பெனிக்காரன் வந்தா ஊரே நாசமாப் போயிரும்னு அன்னிக்குச் சொன்னவங்கெல்லாம் இன்னிக்கு அந்தக் கொளத்துலதான் மாட்டைக் குளிப்பாட்டறாங்க.”

அவர் குரலில் பெருமை இருந்தது. அது பொய்ப் பெருமை இல்லை என்பதை நவமணி பிறகு கண்டாள். குளத்தில் உண்மையாகவே தண்ணீர் இருந்தது. ஆஸ்பத்திரியில் உண்மையாகவே டாக்டர் இருந்தார்.

பிள்ளைகள் சைகை மொழியைப் பிடித்துக்கொண்ட வேகம் அவள் எதிர்பாராதது. ஒரே மாதத்தில் வகுப்புக்கு வகுப்பு ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டார்கள். கணக்குப் பரீட்சையில் விடைகள் விரல்களில் பறந்தன. கோயில் பூசையில் பூசாரியைக் கேலி செய்து கையாலேயே சிரித்தார்கள். ஒரு பிள்ளைக்கும் தேவைப்படாத பாஷை, ஊர் முழுக்கப் பிள்ளைகளின் ரகசியப் பாஷையாகிவிட்டது. அதில் முதல் ஆள் ஆதிரை. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு, சென்னியப்பனின் அக்கா பூங்கோதையின் மகள். கை அசைந்தால் முகமும் தோளும் சேர்ந்து அசையும். அப்படிப் பேசுவதைப் பிறவியில் வந்தவர்களிடம்தான் நவமணி பார்த்திருக்கிறாள்.

ஆனாலும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சம்பளம் வாங்கும் நாளில் கூசியது. ஞாயிற்றுக்கிழமைகளில் கரட்டைச் சுற்றி நடந்தாள். என்னை ஏன் இங்கே கொண்டுவந்தார்கள் என்ற கேள்வி, செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி கூடவே வந்தது. ஏழாவது மாதம் ஒருநாள் சென்னியப்பனின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தப் பட்டியலை யார் சார் போடுறா?”

“ஆளு போடறதில்லீங்க. மெஷினு.” கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். “தேவைக்கணிப்புன்னு பேரு. ஊரோட ஆஸ்பத்திரிக் கணக்கு, தண்ணி, மண்ணு, மழை, கெடங்கு எப்பிடி ஓடுது, எல்லாத்தையும் அதுக்குக் குடுத்துருவாங்க. இன்னும் பத்து வருசத்துல இந்த ஊருக்கு என்ன தேவைப்படும்னு அது முன்கூட்டியே சொல்லும். கம்பெனி அதை இப்பவே செஞ்சு குடுத்துரும். கேட்டுக் குடுக்கறது ஒதவிங்க, கேக்கறதுக்கு முன்னால குடுக்கறதுதான் ஒறவுன்னு எங்க பெரிய சார் சொல்லுவாரு.”

“அது சொன்னபடி நடந்திருக்கா?”

“தப்பினதே இல்லீங்க. கொளத்தைத் தூர் வாரச் சொல்லுச்சு, அடுத்த வருசமே மழையில்லை. மாட்டுக்கு ஊசி போட்டு வெக்கச் சொல்லுச்சு, நாலு மாசத்துல சுத்துப்பட்டு பூரா கோமாரி. எங்கூர்ல ஒரு கன்னுக்குட்டி சாகல.”

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். நவமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப சைகை மொழி?” என்றாள்.

வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். சென்னியப்பன் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

“எப்பவாச்சும் ஒண்ணு தப்பாவும் வருமுங்க,” என்றார்.

அதற்கு ஒன்பது நாள் கழித்து நல்ல மழை. மறுநாள் பள்ளி விட்டதும் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு பூங்கோதை வீட்டுக்குப் போனாள் நவமணி. பூங்கோதை கம்பெனி கேண்டீனில் சமையல் வேலை பார்ப்பவள். அன்று விடுமுறை. வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் இறங்கும் நேரம். ஈர வேலியில் சில்வண்டுகள் கத்தத் தொடங்கின.

“அப்பா, என்ன சத்தம். காதே அடைக்குது,” என்றாள் நவமணி.

“மழை பேஞ்சா இப்பிடித்தான் கத்தும்,” என்றாள் பூங்கோதை.

ஆதிரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன கத்துது?”

“வண்டு, கண்ணு.”

“எங்க?”

வேலி அவளிடமிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது. பூங்கோதை சிரித்தாள். “வெளையாடறா பாருங்க.” ஆதிரை விளையாடவில்லை. நவமணி கையிலிருந்த கடலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அந்தப் பிள்ளையின் முதுகுப் பக்கம் போனாள். காது கேளாத அப்பா அம்மாவிடம் வளர்ந்தவளுக்கு இது பழக்கமான வேலை. மெல்லிய குரலில், கீச்சென்ற ஒலி வரும் சொற்களாக, சீப்பு, சோப்பு, சீனி என்றாள். ஆதிரை திரும்பவில்லை. நவமணி தரையில் ஒரு முறை காலைத் தட்டினாள். ஆதிரை சட்டென்று திரும்பிச் சிரித்தாள்.

பூங்கோதையின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

அடுத்த ஒரு வாரம் நவமணி வேறு எதுவும் செய்யவில்லை. காது சோதிக்கும் செயலியைப் போனில் இறக்கி, பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கை தூக்கச் சொன்னாள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் கடைசிவரை கை தூக்கினார்கள். பத்துக்குக் கீழே ஊரில் நாற்பது பிள்ளைகள். அதில் பதினேழு பேரின் கைகள், சத்தம் கொஞ்சம் கீச்சென்று ஏறியதும் மடியிலேயே கிடந்தன. தங்களுக்குக் கேட்கவில்லை என்பது அவர்களுக்கே தெரியாது. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், புரியாத இடத்தில் கையால் பேசவும் தாமாகவே பழகியிருந்தார்கள். வகுப்பு அவர்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று இப்போது தெரிந்தது.

சென்னியப்பன் முன்னால் தாள்களை வைத்தாள்.

“வயசானவங்களுக்குத்தான் சார் முதல்ல வண்டுச் சத்தம் போகும். இங்க பெரியவங்களுக்குக் கேக்குது. கிடங்கு வந்தப்போ சின்னக் குழந்தையா இருந்தவங்களுக்கும், அப்புறம் பிறந்தவங்களுக்கும்தான் கேக்கல.”

“கெடங்குல சத்தமே வர்றதில்லீங்களே.”

“நமக்குக் கேக்கற சத்தம் வர்றதில்ல. பாறை அதிருதான்னு யாராவது பார்த்தாங்களா?”

அவர் தாள்களைப் புரட்டினார். மூன்றாவது தாளில் ஆதிரையின் பெயர். அங்கே விரல் நின்றது.

“கெடங்கு வரட்டும்னு இந்த ஊர்ல வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்கினவன் நானுங்க,” என்றார். “எங்கக்காகிட்டத்தான் மொதல்ல வாங்கினேன். அவ போட்டா மத்தவங்க போடுவாங்கன்னு.”

அன்றே அறிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போனது. மறுநாள் காலையில் பதில் வந்துவிட்டது. நவமணியின் அக்கறைக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். அவளது ஒப்பந்தம் இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கப்படும். வரும் கல்வியாண்டில் இரண்டாவது சைகை ஆசிரியர் ஒருவரும் வருவார். காதுக் கருவிகள் உடனே அனுப்பப்படும். பாறையைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாலாம் நாள் பெட்டிகள் வந்தன. பள்ளியின் மேசை மேல் சென்னியப்பன் அவற்றை அடுக்கினார். அடுக்க அடுக்க நவமணி எண்ணிக்கொண்டே வந்தாள்.

“நான் பதினேழு பேருக்குத்தானே சார் எழுதினேன்?”

“நாப்பது இருக்குதுங்க.”

அவள் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பினாள். தயாரித்த மாதம் அச்சிட்டிருந்தது. அவள் இந்த ஊருக்கு வருவதற்கு ஐந்து மாதம் முந்தைய தேதி. பேசாமல் அதை அவரிடம் நீட்டினாள். வாசித்துவிட்டு அவர் இன்னொரு பெட்டியை எடுத்துப் பார்த்தார், பிறகு இன்னொன்றை. எல்லாவற்றிலும் அதே மாதம். பத்துப் பன்னிரண்டு பெட்டிகளைப் பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. மிச்சத்தையும் பார்த்து முடித்தார்.

அன்று சாயங்காலம் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள் நவமணி. திரையில் அம்மாவின் முகம் வந்ததும் அழுகை முட்டியது. நடந்ததைக் கைகளால் சொன்னாள். அம்மா கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பிள்ளைங்க முன்னாடி அழுதியா?” என்று அம்மாவின் கைகள் கேட்டன.

“இல்லை.”

“அழாதே. நீ அழுதா அதுங்க தங்களைக் கெட்டுப்போன சாமான்னு நெனச்சுக்கும். நான் கெட்டுப்போன சாமானா?”

“இல்லம்மா.”

“கோவப்படு. அது தப்பில்ல.”

கோபப்படுவதற்கு நவமணிக்குப் பழக்கமில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்தாள். மறுநாள் பூங்கோதையிடம் போய்ப் பெட்டியைக் காட்டினாள். பூங்கோதை அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள்.

ஞாயிறு காலை பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் கூடியது. கோயமுத்தூரிலிருந்து கம்பெனியின் மண்டல மேலாளர் வந்திருந்தார். அதிர்ந்து பேசாதவர். தரையில் உட்கார்ந்திருந்தவர்களோடு தானும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். அது நடிப்பா பழக்கமா என்று நவமணியால் சொல்ல முடியவில்லை.

“குழந்தைகளோட காதுக்கும் எங்க கிடங்குக்கும் தொடர்பு இருக்குன்னு இதுவரைக்கும் நிரூபிக்கப்படல,” என்றார் அவர். “இருந்தாலும் உங்களோட நிற்கிறது எங்க கடமை. கருவிகள், சிகிச்சை, மேற்படிப்பு, வேலை, எல்லாத்துக்கும் கம்பெனி பொறுப்பு.”

ஊர் ஒரே குரலில் பேசவில்லை. குளத்தடியில் தோட்டம் வைத்திருந்த ஒருவர் எழுந்து, “கெடங்கை மூடிப்போட்டாத் தண்ணிக்கு எங்க போறது? எம்பையன் அங்கதான் வேலைக்குப் போறான். கொஞ்சம் மந்தமாக் கேட்டா என்ன, மெஷினு குடுக்கறாங்கல்ல?” என்றார். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அவரும் கெட்டவர் இல்லை. அவர் வீட்டுப் பேத்தியின் பெயரும் நவமணியின் தாளில் இருந்தது. அவர் அதை நம்ப மறுத்திருந்தார்.

மேலாளர் நவமணியின் பக்கம் கை காட்டினார். “காது கேக்காதவங்க முழுமையா வாழ முடியாதுன்னு யாரும் நினைக்க வேண்டாம். நம்ம டீச்சரோட அப்பா அம்மா ரெண்டு பேருமே காது கேக்காதவங்கதான். தொழில் செஞ்சு, பொண்ணைப் படிக்க வெச்சு, கௌரவமா இருக்காங்க. நீங்களே சொல்லுங்க மேடம்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. நவமணிக்குக் காதோரம் சூடேறியது. இதைச் சொல்லத்தான் தன்னைத் தேர்ந்தெடுத்தார்களோ என்று ஒரு கணம் தோன்றியது. எழுந்தாள்.

“ஆமா. எங்கப்பா அம்மா நல்லாத்தான் இருக்காங்க. அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா அவங்க பிறந்ததே அப்படித்தான். அவங்க காதை யாரும் கரண்டு எடுக்கறதுக்காக எடுத்துக்கல.”

வேறு எதுவும் சொல்ல வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆதிரை அவள் கைகளைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பூங்கோதை எழுந்தாள். முந்தானையிலிருந்து பெட்டியை எடுத்தாள்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க தெரியோணும். நிரூபிக்கலைன்னு சொல்றீங்க. சரீங்க. நிரூபிக்காததுக்கு எதுக்குங்க நாப்பது மெஷினு? அதும் ஒரு வருசத்துக்கு முன்னாலயே?”

மேலாளர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். அந்தத் தேதி அவருக்கே புதிது என்பது முகத்தில் தெரிந்தது. தோட்டக்காரர் எழுந்துவந்து பெட்டியைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியேறினார். அவர் போன திசை கிடங்கின் வாசல்.

ஊரும் அவர் பின்னால் போய், அங்கே பந்தல் போட்டுப் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தது. சென்னியப்பன் இரண்டாவது நாள் வந்தார். அடையாள அட்டையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, பந்தலுக்குள் போகாமல் வெயிலில் ஓரமாக உட்கார்ந்தார். பூங்கோதை அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை மட்டும் அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். பன்னிரண்டாம் நாள் கலெக்டரின் உத்தரவு வந்தது. நிபுணர் குழு பார்த்துச் சொல்லும் வரை கிடங்கில் காற்றை அடைக்கவும் கூடாது, விடவும் கூடாது.

பாறை அதிர்வது நின்றது. அது நின்றபோதுதான் இத்தனை வருடமாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது என்பது சிலருக்குத் தெரிந்தது. உள்ளங்காலில் ஒரு குறுகுறுப்பு இல்லாமல் போய்விட்டது என்றார்கள். பிள்ளைகளின் காது திரும்பவில்லை. திரும்பாது என்றார் டாக்டர். இனிமேல் குறையாது, மிச்சமிருக்கும் இருபத்து மூன்று பேருக்கு வராது, அவ்வளவுதான்.

உத்தரவு வந்து ஒரு வாரம் கழித்து, வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, பள்ளி வாசலில் ஒருவர் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தோளில் ஒரு பை. கிருபாகரன் என்று பெயர் சொன்னார். தேவைக்கணிப்பு மென்பொருளைப் பார்த்துக்கொள்பவர்களில் ஒருவர். நவமணி அவரை வராந்தாவுக்கு அழைத்துவந்தாள். சென்னியப்பனையும் ஆள் அனுப்பி வரவழைத்தாள்.

“உங்களை இந்த ஊருக்கு அனுப்பினது நான்தான்,” என்றார் கிருபாகரன்.

“மெஷின் அனுப்பிச்சுன்னாங்க.”

“மெஷின் சைகை டீச்சரைக் கேக்கல. அது கேட்டது வேற.” அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “ஒரு வருஷக் கணிப்புல முதல் வரியே, பத்து வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்குச் செவித்திறன் போகும்ங்கிறதுதான். காற்றை விடறப்போ பாறையில வர்ற அதிர்வு. பெரியவங்க காது தாங்கிக்கும், வளர்ற காது தாங்காது. அதுக்குப் பரிகாரமா அது கேட்டது ஒண்ணுதான், கிடங்கை நிறுத்து. நான் அப்படியே எழுதி மேல அனுப்பினேன். உறுதியில்லாத கணிப்புன்னு அந்த வரியை எடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் மறுபடி எழுதினேன். மறுபடி எடுத்தாங்க. ஆனா எதுக்கும் இருக்கட்டும்னு காதுக் கருவிகளை மட்டும் வாங்கிக் குடோன்ல போட்டு வெச்சாங்க.”

“நீங்க வெளியில சொல்லலியா?” என்றார் சென்னியப்பன்.

“சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டவன் சார் நான். வேலை, வீடு, பையனோட படிப்பு. தைரியம் இல்ல. பட்டியல்ல ஒரு வரியைச் சேர்க்கற தைரியம்தான் இருந்துச்சு. கல்விங்கிற தலைப்புல சைகை டீச்சர்னு போட்டேன். அதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. வர்ற டீச்சர் ஒருநாள், இந்த ஊருக்கு நான் எதுக்குன்னு கேப்பாங்க. கேட்டா வெளியில வந்துரும்னு நினைச்சேன்.”

நவமணி அவரையே பார்த்தாள். ஏழு மாதமாகத் தன்னை உறுத்திய கேள்வியை உள்ளே போட்டவர் இவர். தன்னிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, அதைக் கடிதம் என்று சொல்லாமல் அனுப்பியவர்.

“நான் கேக்காம இருந்திருந்தா?”

கிருபாகரன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“இதே மாதிரி கிடங்கு இன்னும் மூணு ஊர்ல இருக்கு. மூணு ஊருக்கும் டீச்சர் போட்டேன். செஞ்சிப் பக்கத்து ஊர்ல ஒண்ணரை வருஷமா வகுப்பு நடக்குது. யாரும் இன்னும் கேக்கல.”

சென்னியப்பன் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஊர்ப் பெயர்களை வாசித்தார். ஓசூர் பக்கம் ஒன்று, செஞ்சிக்கு அருகே ஒன்று, சங்கரன்கோவில் தாண்டி ஒன்று.

“அந்த ஊர்கள்ல எத்தனை பிள்ளைங்க?” என்றாள் நவமணி.

“முந்நூறுக்கு மேல.”

“இதை எதுக்கு என்கிட்ட வந்து சொல்றீங்க?”

“யார்கிட்டயாவது சொல்லணும்.”

“என்கிட்ட இல்ல.” அவள் எழுந்தாள். “உள்ள வாங்க.”

வகுப்பில் சின்னப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு உதவ வந்த பூங்கோதையும் நாலைந்து அம்மாக்களும் சுவரோரம் நின்றார்கள். கிருபாகரன் கதவருகிலேயே நின்றுவிட்டார். இப்போது சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்றாள் நவமணி. அவர் சொன்னார். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கைகளால் பிள்ளைகளுக்குச் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. அவர் தயங்கிய இடத்தில் அவள் கைகளும் காற்றில் நின்றன.

அவர் முடித்ததும் அம்மாக்களில் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆதிரை எழுந்து நின்றாள். அவளால் இன்னும் பேச முடியும். ஆனாலும் அவள் பேசவில்லை. கைகளைத் தூக்கினாள்.

நவமணி அதைக் குரலில் சொன்னாள். “உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு கேக்கறா.”

கிருபாகரன் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். “நாலு வருஷம் முன்னாடி.”

நவமணி நாலு விரலைக் காட்டினாள். ஆதிரை விரல் விட்டு எண்ணினாள். ஒன்பதிலிருந்து பின்னோக்கி, அவசரப்படாமல். எண்ணி முடித்ததும் கையை விரித்து ஐந்து என்று காட்டி, பிறகு தன் காதைத் தொட்டு, அந்த விரலை அவர் பக்கம் நீட்டினாள். அவர் புரியாமல் நவமணியைப் பார்த்தார்.

அழக்கூடாது என்று அம்மா சொன்னதை நவமணி நினைத்துக்கொண்டாள்.

“அப்ப எனக்கு அஞ்சு வயசு, அப்ப எனக்குக் கேட்டுச்சுங்கறா,” என்றாள்.

கிருபாகரன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். அவரை யாரும் தூக்கப் போகவில்லை, திட்டவும் இல்லை. சாப்பாட்டு மணி அடித்தது. சிலருக்குக் கேட்டது, மற்றவர்கள் அவர்களைப் பார்த்து எழுந்தார்கள். பிள்ளைகள் அவரைத் தாண்டித் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

பூங்கோதை தம்பியின் பக்கம் திரும்பினாள். இருபது நாளுக்குப் பிறகு முதல் முறையாக அவரிடம் பேசினாள்.

“செஞ்சிக்கு இங்கிருந்து எத்தனை மணி நேரமாகும் சென்னி?”

“ஆறு மணி நேரம் ஆவும்க்கா.”

“பொழுதிருக்கறப்பவே போய்ச் சேரோணும். நானும் வர்றேன். டீச்சரையும் கூட்டிக்கோ.” கீழே உட்கார்ந்திருந்தவரைக் கண்ணால் காட்டினாள். “அவரையும்.”

கிருபாகரன் நிமிர்ந்து பார்த்தார். “நான் வேலையில இருக்கேன்மா இன்னும். நாளைக்கு ஆபீஸ்...”

“அங்கயும் தாயிங்க இருப்பாங்க. இதே மாதிரி நின்னு அவங்களுக்கும் சொல்லுங்க,” என்றாள் பூங்கோதை.

சென்னியப்பன் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நவமணி கரும்பலகையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்தியானப் பாடத்தை எழுதிவைத்தாள். எழுதி முடித்துத் திரும்பியபோது, ஆதிரை சோற்றுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டுக் கிருபாகரன் எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அவர் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நிமிர்த்தி, ஏதோ காட்டிக்கொண்டிருந்தாள். அவர் தப்பாகச் செய்தபோது தலையை ஆட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து மடக்கினாள்.

என்ன சொல்லிக்கொடுக்கிறாள் என்று நவமணி கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“எனக்கு முன்பே தெரியும்.”

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவர் சரியாகச் சொல்லும் வரை அந்தப் பிள்ளை விடாமல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.